மரத்தின் பிறந்தநாளும் மண் தாழ்ப்பாளும்

ஒரு காட்டில், பொழுது சாய்ந்து இருட்டுக் கட்டியதும் ஒரு சத்தம் கேட்டது.

கரக்... கரக்... கரக்...

பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், கரக்... கரக்...

குழந்தைகளே, நீங்கள் பயப்படாதீர்கள். உங்களுக்கும் சேர்த்துப் பயப்பட அந்தக் காட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் ஓர் இருவாச்சி. மஞ்சள் அலகும், அலகின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல ஒரு கொண்டையும் உள்ள பெரிய பறவை. முதல் முட்டை இடப்போகிறவள். உயரமான வெண்பட்டை மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த பொந்துக்கு அவள் குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய்ப்பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை ஈரமண்ணால் உள்ளேயிருந்தே பூசி அடைத்துவிடுவாள். அலகை நீட்ட மட்டும் ஒரு கீற்று விடுவாள். அதுதான் அவர்களுக்குக் கதவு, அதுதான் தாழ்ப்பாள். அப்பன் பறவை பழம் கொண்டுவந்து கீற்று வழியாக ஊட்டும். உள்ளே தாயின் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை அவளால் பறக்க முடியாது.

இவள் பாதிக் கதவு பூசியிருந்தாள். மீதியைப் பூச மனம் வரவில்லை.

சத்தம் மரத்துக்கு உள்ளேயிருந்து வருகிறதா, வெளியேயிருந்து வருகிறதா? இதுதான் அவளுடைய குழப்பம். வெளியே என்றால் உடனே அடைக்க வேண்டும். உள்ளே என்றால்? எதுவென்று தெரியாத ஒன்றோடு தன்னையும் முட்டையையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டதாக ஆகிவிடும்.

பக்கத்துக் கிளையில் அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, கேட்டீங்களா?"

"காத்தா இருக்கும்."

"காத்துக்கு நகம் இருக்குமா?"

அவன் யோசித்தான். பிறகு, "அத்திப்பழம் ஒண்ணு தரட்டுமா?" என்றான். குழப்பம் வந்தால் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பழம்தான்.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரே கூச்சல். கருமந்தி டீச்சர் தம் வகுப்புக் குட்டிகள் ஏழு பேரையும் கூட்டி வந்திருந்தார். குளிருக்கு வடக்கேயிருந்து வரும் வாலாட்டிக் குருவி ஒரு பாறைமேல் நின்று, வாலை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது.

"எங்க அக்கா ஒருத்தி குளிருக்கு வேற நாட்டுக்குப் போவா. அங்கே யூத ஜனங்க இருக்காங்க. இந்த மாசம் பௌர்ணமி அன்னைக்கு அங்கே மரத்துக்குப் பிறந்தநாளாம்!"

"எந்த மரத்துக்கு?" என்றது அரைக்காது என்ற குட்டி.

"எல்லா மரத்துக்கும்."

"எல்லாமே ஒரே நாள்லயா பிறந்துச்சு?"

"அது... அக்கா சொல்லலை."

"கேக் உண்டா?"

"பழம் உண்டு. அத்தி, மாதுளை, பேரீச்சை, பாதாம், இன்னும் விதவிதமா."

பழம் என்ற சொல் காதில் விழுந்ததும் மேலேயிருந்த இருவாச்சிக் கணவன் இரண்டு கிளை கீழே இறங்கி வந்தான்.

"பிள்ளைங்க கன்னு நடுவாங்களாம்," என்று குருவி தொடர்ந்தது. "மரத்தைக் கட்டிப் பிடிப்பாங்களாம். மரத்துல காது வச்சுக் கேப்பாங்களாம். களிமண்ணைப் பட்டையில அப்பி அச்சு எடுப்பாங்களாம்."

"கட்டிப் பிடிச்சா மரம் என்ன செய்யும்?"

"மரம் சும்மா நிக்கும்."

இது குட்டிகளுக்குப் புரியவில்லை. டீச்சருக்கும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று அவர் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னைக்குத்தான் பௌர்ணமி. நாமும் கொண்டாடுவோம். வரிசை! உதட்டில் விரல்! முதல்ல காது வச்சுக் கேளுங்க!" என்றார்.

ஏழு குட்டிகளும் மரத்தில் காதை வைத்தன.

"டீச்சர், எனக்குக் களக் களக்குன்னு கேக்குது."

"அது உன் வயிறு. காலையில தின்னியா?"

"டீச்சர், மரம் என் பேரைச் சொல்லுது!"

"என் பக்கம் ஒண்ணுமே கேக்கலை, டீச்சர். இந்தப் பக்கம் மரம் தூங்குது."

மேலேயிருந்து இருவாச்சி தலையை நீட்டினாள். இரவெல்லாம் தூங்காத கண்கள். "ஏம்மா வாலாட்டி, அந்த ஊர்ல காது வச்சா என்ன கேக்குமாம்?"

"சாறு ஏறுற சத்தம்! குளிர் விட்டு, வேர்லேருந்து மேலே சாறு ஏற ஆரம்பிக்கிற நாளாம் அது."

"அது கரக் கரக்குன்னு ஏறுமா?"

வாலாட்டியின் வால் நின்றுவிட்டது. அது நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. "அதையும் அக்கா சொல்லலை," என்றது.

"ஏறும், ஏறும். அப்படித்தான் ஏறும்," என்று ஒரு குரல் வந்தது.

புதருக்குள்ளிருந்து கொட்டாவி விட்டபடி மரநாய் வந்தது. பகலில் அதை யாரும் அதிகம் பார்ப்பதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? என் பேர்லயே மரம் இருக்கே! மர... நாய். இந்தக் காட்டுல மரத்துக்குச் சொந்தக்காரன்னா அது நான்தான்."

"அப்போ மரங்கொத்தியும் சொந்தமா?" என்றது அரைக்காது.

"அவன் தூரத்துச் சொந்தம். பேச்சுவார்த்தை இல்லை."

டீச்சருக்கு இது நியாயமாகப் பட்டது. பெயரிலேயே இருக்கிறதே!

மரநாய் மேலே பார்த்தது. "தங்கச்சி, நீ கேட்டது உள்ளே சாறு ஏறுற சத்தம். இந்த நேரத்துல கதவை அடைச்சா மரத்துக்கு மூச்சு முட்டும். பொந்து சுருங்கும். நீ உள்ளேயே நசுங்கிப் போவே. அதுவும் போகட்டும், பிறந்தநாள் வீட்டுல யாராவது கதவைச் சாத்துவாங்களா? வர்றவங்க என்ன நினைப்பாங்க? இன்னைக்கு ஒரு ராத்திரி திறந்து வை. நாளைக்குப் பூசிக்கோ."

"எனக்குப் பயமா இருக்கு, அண்ணே."

"பயமா!" மரநாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "தலைச்சன் முட்டைக்காரிங்க எல்லாரும் இப்படித்தான். இலை விழுந்தாலும் இடி விழுந்துச்சும்பாங்க!"

குட்டிகள் சிரித்தன. டீச்சரும் சிரித்தார். கணவனும் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டான்.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை பேர் சிரிக்கும்போது, பயந்தவள் மேல்தான் பிழை இருக்குமோ? வாலாட்டி சாறு என்கிறது. மரத்துக்குச் சொந்தக்காரரும் சாறு என்கிறார். காதோ நகம் என்கிறது. எதை நம்புவது? அடைக்கவா, வேண்டாமா? அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு நீட்டினாள். மறுபடி இழுத்துக்கொண்டாள்.

கீழே டீச்சர் கைதட்டினார். "அடுத்தது மண் அச்சு! ஓடையிலேருந்து ஆளுக்கு ஒரு உருண்டை!"

வெண்பட்டை மரம் வழுவழு என்று இருக்கும். அதில் பிடித்து ஏற யாராலும் முடியாது. அதனால் குட்டிகள் பக்கத்து மரத்துக் கொடிகளைப் பிடித்துத் தொங்கி, ஆளுக்கு ஓர் உயரத்தில் களிமண்ணை அப்பி, அழுத்தி, அடைபோல உரித்து எடுத்தன. எல்லாவற்றிலும் உயரமாகத் தொங்கியது அரைக்காதுதான். அது இருவாச்சியின் வாசலுக்கு ஒரு முழம் கீழே அச்சு எடுத்தது.

"கண்டபடி போடக்கூடாது," என்றார் டீச்சர். ஒழுங்கு தப்பினால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். "அடிமரத்து அச்சு முதல்ல. அதுக்கு மேலே எடுத்தது அடுத்தது. அப்படியே வரிசையா பாறையில வைங்க!"

ஏழு மண் அடைகளும் வரிசையாக வந்தன. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

வழுவழு மரத்தின் அச்சு வழுவழுவென்றுதானே இருக்க வேண்டும்? ஆனால் அடைகளில் கோடுகள் இருந்தன.

"மரத்துக்கு வயசாயிடுச்சு. இது சுருக்கம்," என்றது ஒரு குட்டி.

"இல்லை, கைரேகை," என்றது இன்னொன்று.

"எங்க அக்கா கோட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றது வாலாட்டி.

மரநாய் அவசரமாக முன்னால் வந்தது. "இது எழுத்து! மர பாஷை. வாழ்த்துக்கு நன்றின்னு எழுதியிருக்கு. சரி, சரி, பார்த்தாச்சு இல்லே, அழிச்சிடுங்க."

இருவாச்சி மேலேயிருந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். முதல் அடையில் ஐந்து கோடு. இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதில் ஐந்து. ஆறாவது அடை வரைக்கும் ஐந்தைந்தாக, படி வெட்டினாற்போல, மேலே மேலே ஏறி வந்திருந்தன. ஏழாவது அடையில் மட்டும் ஒன்றுமில்லை.

வாசலுக்கு இன்னும் ஒன்றிரண்டு முழம்தான் பாக்கி.

இவை நகக்கீறல்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மறுபடியும் சிரிப்பார்கள். அவள் சிறகை விரித்து மெல்ல இறங்கிவந்து பாறைமேல் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. நான் வீணாப் பயந்துட்டேன்," என்றாள்.

"அப்படிச் சொல்லு!"

"ஆனா ஒரு குறை இருக்கே. மரத்துக்குப் பிறந்தநாள். குட்டிங்க எல்லாம் அச்சு எடுத்துச்சு. மரத்துக்கு ஒரே சொந்தக்காரர் நீங்க. உங்க அச்சு இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

"எங்கே இருக்கும்?" மரநாய்க்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

"சும்மா தொட்டா பதியாது. நல்லா அழுத்திக் கீறி வைங்க. நாளைக்கு மரங்கொத்தி வந்து பார்க்கட்டும்."

மரங்கொத்தி என்றதும் மரநாய்க்கு வேகம் வந்துவிட்டது. ஒரு குட்டி ஓடிப்போய்க் கொண்டுவந்த எட்டாவது மண் உருண்டையைப் பாறையில் தட்டையாகப் பரப்பி, முன்னங்காலைத் தூக்கி, பலம்கொண்ட மட்டும் இழுத்தது. மண்ணைக் கிழித்துக்கொண்டு நகம் பாறையில் பட்டது.

கரக்.

இருவாச்சி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர்..." என்றது அரைக்காது.

"உதட்டில் விரல்!"

"இல்லை டீச்சர், இதுவும் அதுவும் ஒரே கோடு!"

டீச்சர் எட்டாவது அடையைப் பார்த்தார். ஆறாவது அடையைப் பார்த்தார். அவருடைய விரல் அவருடைய உதட்டிலேயே இருந்துவிட்டது.

இருவாச்சிக் கணவனின் அலகிலிருந்து அத்திப்பழம் தொப்பென்று விழுந்தது. "அப்போ சாறு இல்லையா?" என்றான்.

"எனக்கு... எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு," என்றது மரநாய். "மரத்துக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க." வந்த புதருக்குள்ளேயே போய்விட்டது.

"போயிடுச்சு! இனிமே பயமில்லை!" என்று குட்டிகள் குதித்தன.

"பகல்லதான் போயிருக்கு," என்றாள் இருவாச்சி. "டீச்சர், இந்த மண் எல்லாம் எனக்கு வேணும்."

"எங்க அச்சு! நாங்க எடுத்தது!" என்று குட்டிகள் அழ ஆரம்பித்தன.

"உங்க அச்சுதான்டா என் கதவு," என்றாள் அவள்.

அழுகை நின்றது. பிறகு நடந்ததை வாலாட்டியின் அக்கா பார்த்திருந்தால்கூட இது என்ன கொண்டாட்டம் என்று குழம்பித்தான் போயிருப்பாள். கணவன் அடை அடையாக அலகில் கவ்விப் பறந்தான். உள்ளே அவள் வாங்கி வாங்கிப் பூசினாள். குட்டிகள் கொடியில் தொங்கிக்கொண்டு, "இது என்னுடையது! என்னுடையதை முதல்ல வை!" என்று சண்டை போட்டன. நடுநடுவே கீழே பழம் தின்று கொட்டையையும் நட்டன. ஒரு குட்டி மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே தூங்கிவிட்டது.

ஏழு அடையும் தீர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டீச்சர் தூங்கிய குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரையும் கூட்டிப் போனார். வாசலில் இன்னும் ஒரு கையளவு ஓட்டை இருந்தது.

நிலா ஏறியது.

கரக்... கரக்...

இந்த முறை அவளுக்குக் குழப்பமில்லை. பயம் இருந்தது, அது எங்கேயும் போகவில்லை. ஆனால் சத்தம் வெளியே இருந்தது. கடைசி முழமும் வெட்டியாகிவிட்டது.

"தங்கச்சி," என்றது ஒரு மெல்லிய குரல். "பிறந்தநாள் பழம் கொண்டுவந்திருக்கேன். நான் உள்ளே வரலாமில்லே?"

ஓட்டையில் ஈரமூக்கு ஒன்று தெரிந்தது. அடுத்த கிளையிலிருந்து கணவன் இறங்கினான். அவன் அலகில் இந்த முறை பழம் இல்லை. கொத்திய கொத்தில் மூக்கு மறைந்தது.

பூச மண் வேண்டுமே! உள்ளே எட்டாவது அடை மட்டும்தான் மிச்சம். கணவன் எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தூக்கிவந்து வைத்திருந்தான்; அந்தக் கோடுகளைத் தொட மனம் வராமல் அவள்தான் ஒதுக்கியிருந்தாள். அவள் அதை எடுத்து, கோடுகள் வெளியே தெரியும்படி ஓட்டையில் வைத்து அழுத்தினாள். மரநாய் மூக்கைத் தடவிக்கொண்டு மறுபடி நிமிர்ந்தபோது, வாசல் இருந்த இடத்தில் அதன் நகக்கீறலே அதன் முகத்துக்கு நேராக விரிந்திருந்தது.

உள்ளே இருட்டில், அவள் அலகால் ஓரங்களைத் தட்டித் தட்டி, ஒரு கீற்றை மட்டும் விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

நீதி: உன் பயத்தைப் பார்த்துச் சிரித்து, கதவைத் திறந்தே வை என்று சொல்கிறவனுக்காகத்தான் தாழ்ப்பாள்.