மலையன் விழுங்கிய பழங்கள்

ஒரு காட்டில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரமான மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் தாழை என்ற பெண் இருவாச்சிப் பறவை இருந்தாள்.

குழந்தைகளே, இருவாச்சிகளின் வழக்கம் அதிசயமானது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, அதன் வாயைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை கொண்டுவருவதுதான் சாப்பாடு.

தாழையின் கணவன் மலையன் நல்லவன்தான். ஆனால் அத்திப்பழத்தைக் கண்டால் தன்னையே மறந்துவிடுவான். பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள அத்திமரத்தில் வயிறு முட்டத் தின்பான். பிறகு வீட்டுக்கென்று தொண்டை நிறையப் பழங்களை அடக்கிக்கொண்டு கிளம்புவான். உடம்பு பெருத்துவிட்டதால் பாதி வழியில் மூச்சு வாங்கும். பாறைமேல் உட்காருவான். உட்கார்ந்தால் தொண்டைப் பழம் இனிக்கும்.

"ஒண்ணே ஒண்ணு!" என்று விழுங்குவான். விழுங்க விழுங்க உடம்பு இன்னும் கனத்தது. உட்காருவதும் கூடியது.

"அண்ணே, அது வீட்டுக்குக் கொண்டுபோற பழமாச்சே!" என்றது பாறையருகே இருந்த ஒரு மலை அணில்.

"நாளைக்குச் சேர்த்துக் கொண்டுபோவேன், போ!"

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க?"

ஒருநாள் மாலை மலையன் வெறும் வாயோடு வந்து சேர்ந்தான். உள்ளே குஞ்சுக்குக் கத்தவும் தெம்பில்லை, முனகியது.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது? நீங்க சாப்பிடாம எங்களுக்கே கொண்டுவர்றீங்களா?" என்று பதறினாள் தாழை. "காலையில நீங்க கொண்டுவந்ததுல குஞ்சுக்கு ஊட்டினது போக, என் பங்கை உங்களுக்குன்னு வச்சிருக்கேன். வாங்கிக்கோங்க."

கீறல் வழியே அவள் அலகு வந்தது. அதன் நுனியில் ஓர் அத்திப்பழம்!

மலையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாள் முழுக்கப் பட்டினி, பக்கத்திலேயே பழம், ஆனாலும் அவள் தின்னவில்லை! அவ்வளவு பெரிய காட்டில் இப்படி ஒரு பலத்தை அவன் பார்த்ததே இல்லை.

"தாழை, எல்லாத்தையும் வழியிலேயே நான்தான் தின்னேன்" என்றான் தலைகுனிந்து.

அவன் பழத்தை வாங்கினான். விழுங்கு விழுங்கு என்று தொண்டை துடித்தது. அதைக் கீறலுக்குள் திருப்பி வைத்துவிட்டு உடனே அத்திமரத்துக்குப் பறந்தான்.

தொண்டை நிறையப் பழங்களோடு திரும்பும்போது அந்தப் பாறை வந்தது. சிறகு இற்றுப்போவது போல வலித்தது. மலையன் உட்காரவில்லை. அவன் சிறகோசை பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலித்தது. மலை அணில் வாய் பிளந்து நின்றது.

மரத்தை அடைந்ததும், கீறல் வழியே ஒரு பெரிய அலகும் ஒரு சின்ன அலகும் நீண்டன. மலையன் ஒவ்வொரு பழமாக ஊட்டினான். ஒன்றுகூடக் குறையவில்லை.

நீதி: ஆசைப்பட்டதைத் தின்ன வாய் போதும், தின்னாமல் இருக்கத்தான் பலம் வேண்டும்.