பதினோராயிரம் ரூபாய் பெல்ட்

ஆவாரம்பாளையத்தில் பெனிட்டாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. வேகமாக ஓடும் கார்களை மட்டும்தான் அவர் எடுப்பார். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். வயது நாற்பத்தொன்று. தலை நரைத்தவர்களும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பெயர் வெள்ளியங்கிரி. கணபதியில் ஃபவுண்டரி வைத்திருந்தார். பம்ப் செட்டுக்கு வார்ப்பு போடுகிற தொழில். சீடராக வேண்டும் என்று அவர் வரவில்லை. பில்லைப் பார்த்து சண்டை போடத்தான் வந்தார்.

ஏழு வருடத்துக்கு முன் அவர் ஒரு சிவப்பு நிற வெளிநாட்டுக் கார் வாங்கினார். இரண்டே சீட். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். வாங்கின வாரமே மனைவி மயிலாத்தாளை உட்கார வைத்து ஒரு சுற்று போனார். பாதி வழியில், "தலையச் சாய்க்காதே மயிலு, எண்ணெய் புடிச்சுக்கும். வெளுப்பான தோல் சீட்டு" என்றார். மயிலாத்தாள் அடுத்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை.

மயிலாத்தாள் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவர். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வருடா வருடம் கேட்பார். அடுத்த வருசம் என்று இவரும் வருடா வருடம் சொல்வார். கார் போர்வைக்குள்ளேயே நின்றது. ஏழு வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. நம் ஊர் ஆட்கள் சோபாவுக்கு உறை போட்டுவிட்டு தரையில் உட்காருவார்களே, அந்த ரகம்.

எஞ்சினுக்குள் ஓடுகிற பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று மிஸ் கொடுத்த எஸ்டிமேட்டோடு அவர் வந்தார்.

"பெல்ட் என்ன விலைங்க மிஸ்?"

"பதினோராயிரம்."

"இதுல அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு போட்டிருக்குது."

"மத்த சாமான், ஆயில் எல்லாம் ஒரு எழுபதாயிரம் வருங்ணா. மிச்சமெல்லாம் பெல்ட் இருக்கற எடத்துக்குப் போறதுக்கு."

"எங்கே இருக்குது அது?"

மிஸ் காருக்குள் கையை விட்டு டிரைவர் சீட்டின் முதுகைத் தட்டினார்.

"இதுக்குப் பின்னாடி. ஒரு சாண் தூரம்."

"ஒரு சாணுக்கா நாலரை லட்சம்!"

"வழி இந்தப் பக்கம் இல்லீங்ணா. கீழிருந்துதான். எஞ்சினையே எறக்கோணும்."

"சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை போட்டுட்டா?"

"போடலாம். அப்புறம் அது ஓட்டை போட்ட வண்டி."

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வந்தது. தன் ஃபவுண்டரியில் அவரை இப்படி யாரும் மடக்கியதில்லை.

"வண்டி ஓடவே இல்லையே மிஸ். மூவாயிரம் கிலோமீட்டருக்கு எதுக்கு பெல்ட்டு?"

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும்னு புக்குல போட்டிருக்குது. ஓடினதுக்குன்னு போடலை."

"மாத்தலைன்னா?"

"அறுந்தா எஞ்சின் போயிரும். பதினெட்டு லட்சத்துக்குக் கம்மியா வராது. அறுந்து போகாமயும் இருக்கலாம். வேணாம்னா வித்துருங்க."

விற்கிற பேச்சு அவருக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தார்.

"சரி. ஒண்ணு பண்றேன். கூடவே இருந்து நானும் கழட்டறேன். என் பணம் எங்கே போகுதுன்னு கண்ணால பாக்கோணும்."

"வாங்ணா. காலைல எட்டு மணி. பில்லு குறையாது."

அப்படித்தான் அவர் சீடரானார்.

முதல் நாள் மிஸ் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்தார். அதில் எஞ்சினின் படத்தைப் பேனாவால் வரைந்தார். கழட்டுகிற ஒவ்வொரு போல்ட்டையும் படத்தில் அதே இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வைக்க வேண்டும். டப்பாவில் கொட்டக் கூடாது. வெள்ளியங்கிரி பதினோரு மணி வரை அதைக் கடைப்பிடித்தார். பிறகு நான்கு போல்ட்டை ஒன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எது எந்த எடத்துதுங்ணா?" என்றார் மிஸ்.

அவர் நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் அரை நூல், ஒரு அரிசி கனம், கூடுதல் நீளம். எது எங்கே என்று பார்த்துப் பார்த்து வைப்பதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. மிஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உதவவும் இல்லை, திட்டவும் இல்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் குழாய்களும் ஒயர்களும். நான்காம் நாள் சைலென்சர். ஐந்தாம் நாள் காரைத் தூக்கி எஞ்சினை மேஜை மேல் இறக்கினார்கள். ஃபவுண்டரி முதலாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் அடுத்த நாள் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து வாசலில் நின்றார்.

ஆறாம் நாள் பெல்ட் வெளியே வந்தது.

அவரே கழட்டினார். துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பல் உடையவில்லை. ஓரம் பிரியவில்லை. மேலே அச்சடித்திருந்த எழுத்துகூட அழியவில்லை.

"மிஸ், இது புதுசாட்டம் இருக்குது!"

"ஆமாங்ணா."

"நான் அப்பவே சொன்னேனில்ல. ஓடாத வண்டி, எதுக்கு மாத்தறதுன்னு. இப்ப இந்தப் பணம் தண்டம்தானே?"

"நல்லாத்தான் இருக்குதுன்னா அதையே மாட்டிருங்க. உங்க வண்டி."

அவர் யோசித்தார். நிஜமாகவே மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைத்தார்.

"மாட்டறதுக்கு முன்னாடி அந்த மேஜை மேல வெச்சுப் பாருங்ணா" என்றார் மிஸ்.

வைத்தார். பெல்ட் வட்டமாகப் படுக்கவில்லை. இரண்டு இடத்தில் முழங்கை மாதிரி மடங்கி நின்றது. விரலால் நீவினார். நீவுகிற வரைக்கும் நேராகி, கையை எடுத்ததும் பழையபடி மடங்கியது.

"அந்த மடிப்பைத் திருப்பி வளைங்க."

வளைத்தார். மடிப்புக்குள் மெல்லிய கோடுகள் திறந்தன. மயிர் கனம்தான். ஆனால் பத்துப் பதினைந்து இருக்கும்.

"ஓடினாத்தானே மிஸ் தேயும்?"

"தேயலையே. பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்குது. இது நின்ன கோடு. ஏழு வருசமா ஒரே எடத்துல மடங்கி நின்னிருக்குது."

வெள்ளியங்கிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்த மடிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப புதுசு மாட்டினா?"

"அஞ்சு வருசம்."

"இனி நல்லா ஓட்டினா?"

"அஞ்சு வருசம்."

"ஓட்டாம பத்திரமா வெச்சிருந்தா?"

"ஓட்டினாலும் அஞ்சு வருசந்தாங்ணா. ஓட்டாட்டியும் அஞ்சு வருசந்தான். பில்லும் இதேதான்."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பழைய பெல்ட்டைச் சுருட்டாமல் அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம், "சனிக்கெழமை ஒர்க்‌ஷாப்புக்கு வந்துரு மயிலு. அப்படியே வால்பாறை போயிரலாம்" என்றார்.

"எந்த வண்டியில?" என்று கேட்டார் மயிலாத்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மூன்று நாள் பூட்டுகிற வேலை. அட்டையில் இருந்த போல்ட் ஒவ்வொன்றாக எஞ்சினுக்குத் திரும்பியது. கடைசியில் அட்டையில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. ஸ்டார்ட் செய்தபோது வெள்ளியங்கிரி காரைப் பார்க்கவில்லை, மிஸ் முகத்தைப் பார்த்தார். மிஸ் தலையாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

செக்கில் கையெழுத்துப் போடும்போது தொழில் புத்தி ஒருமுறை எட்டிப் பார்த்தது.

"ஒம்பது நாள் நானும் வேலை செஞ்சிருக்கேனுங்க மிஸ். அதுக்கு ஏதாச்சும்..."

"நீங்க இல்லைன்னா நாலு நாளுதாங்ணா."

அவர் சிரித்துவிட்டு முழுத் தொகையும் எழுதினார்.

மயிலாத்தாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைக்குக் குளிர எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, கனகாம்பரம் வைத்திருந்தார். கையில் ஒரு ஒயர்க்கூடை. காரின் கதவைத் திறந்ததும் ஏறவில்லை. கூடையிலிருந்து சலவை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து உதறினார்.

"எதுக்கு அது?" என்றார் வெள்ளியங்கிரி.

"சீட்டுக்குத்தானுங்க. எண்ணெய் புடிச்சுக்கும்னு சொன்னீங்கல்ல."

சொல்லி ஏழு வருடம் ஆகியிருந்தது. வெள்ளியங்கிரிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த வெளுப்பான தோல் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை நீட்டித் துண்டை வாங்கினார். அவர் கையில் ஒன்பது நாள் கிரீஸ் இருந்தது. முன்னும் பின்னுமாக, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் அந்தத் துண்டில் துடைத்தார். துண்டு கறுத்துப்போனது. அதை மூலையில் கிடந்த குப்பை டிரம்மில் போட்டார்.

"ஏனுங்க, நல்ல துண்டுங்க அது!"

அவர் சுற்றிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

மயிலாத்தாளும் ஏறினார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தலை சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வால்பாறை வழியில் ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. அத்தனைக்கும் அப்படியே உட்கார்ந்து வந்துவிடுவார் போலிருந்தது.

கதவைச் சாத்த வந்த மிஸ்ஸிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏன் அம்மிணி, நான் சாஞ்சுக்கலாமா? வண்டிக்கு ஒண்ணும் ஆயிராதே?"

மிஸ் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாஞ்சாலும் அஞ்சு வருசந்தாங்க்கா" என்றார் மிஸ். "சாயாட்டியும் அஞ்சு வருசந்தான்."