தண்ணீர் குடித்த எலிகள்

நாச்சியப்பனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டார். அவனுடைய மருந்து போன வருஷம் எலிகளின் சர்க்கரையை அழகாக இறக்கியது. இந்த வருஷமும் அதே மருந்து, அதே இன எலி, அதே தீனி. சர்க்கரை அசைந்தே கொடுக்கவில்லை.

"மேடம், என் மருந்து வேலை செய்யுதா, இல்லையா?"

ஆய்வு வழிகாட்டி சகாயமேரி கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அலுப்புதான்.

"புது எலிகளை ரெண்டு கூண்டாப் பிரிச்சு வை. ரெண்டுக்கும் வெறும் தண்ணி கொடு."

"மருந்து?"

"வேண்டாம்."

வேண்டாவெறுப்பாகக் கொடுத்தான். சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஒரு கூண்டில் மட்டும் சர்க்கரை இறங்கியிருந்தது. போன வருஷம் மருந்துக்கு இறங்கிய அளவு. மறுபடி எடுத்தான். அதேதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"வெறும் தண்ணிக்கு எப்படி மேடம் இறங்கும்?"

"போன வருஷம் மருந்து குடிச்ச எலியெல்லாம் எங்க இருந்துச்சு?"

"ஒரே கூண்டுல. மருந்து மாறிடக் கூடாதுன்னு மத்ததை வேற கூண்டுல வெச்சேன்."

"எலி என்னத்தைத் தின்னும்?"

"தீனி." தயங்கினான். "ஒண்ணோட புழுக்கையை இன்னொண்ணு தின்னும்."

முகம் சுளிக்காதீர்கள், எலிகளின் வழக்கம் அது. புழுக்கையோடு குடல் கிருமிகளும் போய்ச் சேரும். அந்தக் கிருமிகள் மாறினால் ரத்தத்தில் சர்க்கரையும் ஏறும், இறங்கும். ஒரு கூண்டு எலிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வயிறு. இத்தனை நாள் மருந்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு கூண்டை அளந்திருக்கிறான். அவனுக்கு அழுகை முட்டியது.

"கிருமியே இல்லாம வளர்த்த குட்டிகளை வரவழை," என்றார் சகாயமேரி. "எல்லாத்துக்கும் நமக்குத் தெரிஞ்ச ஒரே கிருமிக் கூட்டத்தைக் கொடு. அதுக்கப்புறம் மருந்து."

"முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து."

"வெளியில எந்த வயித்துலயும் இப்படிப் பொறுக்கி வெச்ச கிருமி இருக்காதே மேடம்."

"இருக்காது."

நாச்சியப்பன் நாற்காலியில் சாய்ந்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"இவ்வளவும் செஞ்சு, அதுலயும் மருந்து தோத்துட்டா?"

"தோத்தது மருந்துன்னு எழுதலாம். போன வருஷம் ஜெயிச்சது யாருன்னே நமக்குத் தெரியலையேப்பா."