தவசி முகத்தில் பத்தொன்பது பள்ளம்

மந்தைக்குளத்துத் தவசிக்கு முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒரு வீட்டில் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை. பருக்கள் போய்ப் பத்து வருஷமாகியும் அவன் கன்னமெல்லாம் பள்ளம். கூட்டாளிகள் ஒச்சப்பன், சங்கிலி, மாயழகு மூவரும் அவனைத் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"வழி நிறைய இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஊசியால அடித்தோலைத் தளர்த்தலாம். லேசர் போடலாம். பள்ளத்தை நிரப்பியும் விடலாம். எதுவானாலும் மாசக்கணக்காகும்."

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கணும்மா," என்றான் தவசி, அழாத குறையாக.

அவர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினார். "இப்படி வெளிச்சம் பட்டா நிழல் விழுந்து பள்ளம் தெரியும். நேரா பட்டா அவ்வளவா தெரியாது. தைரியமா போங்க."

பஸ் நிறுத்தத்தில் ஆலோசனை நடந்தது.

"அப்ப கோளாறு கன்னத்துல இல்ல. நிழல்லதான்," என்றான் ஒச்சப்பன்.

"நிழலை எப்படிடா வெரட்டுறது?" என்றான் சங்கிலி.

"வெரட்ட முடியாது. அது வர்றதுக்கு முன்னாடி வெளிச்சத்தை வச்சு இடம் பிடிச்சிரணும். பஸ்ல துண்டு போடுறோம்ல, அது மாதிரி."

மூன்று டார்ச் லைட் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வெயிலில், தவசியின் முகத்துக்கு நேரே மூன்றையும் அடித்தபடி, அவனுக்கு முன்னால் பின்னோக்கியே நடந்து பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கண் கூசியதில் தவசி வாசலில் கட்டியிருந்த எருமையைக் கும்பிட்டு, "வணக்கம் மாமா," என்றான். எருமை தலையாட்டியது.

"மரியாதை தெரிஞ்ச குடும்பம்," என்றான் சங்கிலி.

பெண்ணின் அப்பா சொக்கையா உள்ளேயிருந்து வந்து தவசியை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தரகர் சொன்ன மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பள்ளமாச்சே! இது யாரு? ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? கிளம்புங்கய்யா!"

"நான்தான் மாமா! பள்ளம் இருக்கு மாமா, சத்தியமா இருக்கு!" தவசி கூட்டாளிகள் பக்கம் திரும்பினான். "டேய், லைட்டை அணைங்கடா!"

"அணைச்சா நிழல் குடியேறிரும். அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது," என்றான் மாயழகு கண்டிப்பாக.

அப்போது பெண் அன்னமயில் அஞ்சறைப் பெட்டியோடு வந்தாள். "அப்பா, கடுகு போட்டுப் பாருங்க. பள்ளம் இருந்தா நிக்கும்."

சொக்கையா தவசியைப் பாயில் படுக்க வைத்து, கை நிறையக் கடுகைத் தூவினார். பிறகு மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். பள்ளத்தில் சிக்காததெல்லாம் உருண்டு விழுந்தது. அன்னமயில் கிட்டே வந்து எண்ணினாள்.

"பத்தொன்பது நிக்குதுப்பா," என்றாள் வெட்கத்தோடு.

"அப்ப இவர்தான் மாப்பிள்ளை!" என்று சொக்கையா தட்டை மாற்றினார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா கதவைத் திறந்தபோது, தவசி மூன்று நாளாகக் குனியாத, அண்ணாந்த முகத்தோடு கூட்டாளிகள் சூழ நின்றிருந்தான். கன்னத்தில் கடுகு அப்படியே இருந்தது.

"என்ன இது?"

"நிரப்பலாம்னு நீங்கதானம்மா சொன்னீங்க. நாங்களே நிரப்பிட்டோம்," என்றான் ஒச்சப்பன் பெருமையாக. "தண்ணி காலையில தெளிக்கணுமா, சாயங்காலமா?"

மாயழகு கவலையோடு குறுக்கிட்டான்.

"அது கிடக்கட்டும்மா. தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள அறுவடை முடிஞ்சிருமா?"