கூழைக்கடா சுமந்து வந்த இலைகள்

காட்டுப்பன்றிகளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கோரை ஏரிக் கரையில் குளம்பால் மண்ணைக் கீறின. நகர்ந்தன. திரும்பி வந்து மறுபடி கீறின. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது.

அவற்றின் ஆசை இதுதான். கரையை உடைத்தால் ஏரி வடியும். வடிந்தால் சேற்றுக்குள் கோரைக்கிழங்கு, வயிறு முட்ட. நரிக்கும் அதே ஆசை. சேற்றில் துள்ளும் மீனை உட்கார்ந்த இடத்திலேயே பொறுக்கலாம். ஆனால் தை மாதம்தான் நடக்கிறது. கோடையில் காட்டுக்கே அந்த ஒரு ஏரித் தண்ணீர்தான். மேல்மலையில் இருக்கும் மான்களும் நீர்நாய்களும்கூட, ஓடை வற்றியதும் இங்கேதான் இறங்கி வரும்.

உடைப்பதா, விடுவதா? எல்லாரையும் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. தலைக்கு ஒரு பூவரச இலை. கடித்துப் போட்டால் உடை. கடிக்காமல் போட்டால் விடு. உடும்பு தரும் அறிவிப்பை மலைக்குக் கொண்டுபோய், அங்கே இருப்பவர்களின் இலைகளைக் கூழைக்கடாப் பறவை தன் அலகுப் பையில் சுமந்து வரும். எல்லா இலையும் நேற்றுப் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதுதான் கெடு.

எண்ணும் வேலை கிழட்டு உடும்புக்கு. அது யாரைப் பார்த்தும் சிரிக்காது. அதனால் கொடுத்தார்கள்.

உடும்பு எண்ணி முடித்தது. சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணியது. கடித்தது முப்பது, கடிக்காதது இருபத்தொன்று. மலையிலிருந்து ஒரு இலைகூட வரவில்லை. அது வானத்தைப் பார்த்தது. பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டது. கெடு என்றால் கெடு.

"என்ன அண்ணே, முப்பதைச் சொல்ல இவ்வளவு நேரமா? வாய் வலிக்குதா?" என்றது நரி.

உடும்பு வாயைத் திறந்தது. அதற்குள் மேற்கே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. புள்ளி காற்றில் ஆடியது, தாழ்ந்தது, எழுந்தது. கடைசியில் கூழைக்கடா தொப்பென்று கரையில் விழுந்து, பையைக் கவிழ்த்தது. பதினாறு இலைகள்.

"கெடு முடிஞ்சு போச்சு," என்றது உடும்பு.

கூழைக்கடா மூச்சு வாங்கியது. கீழ்க்காற்று எதிரே நின்று தள்ளியதாம். ஒரு நாள் வழிக்கு இரண்டு நாள் ஆயிற்றாம். வழியில் மீன் பிடிக்க இறங்கியிருப்பாய் என்று நரி குத்தியது. கூழைக்கடாவுக்குச் சுருக்கென்றது. பையில் இலை இருக்கும்போது மீனை எதில் பிடிப்பது, இரண்டு நாளாகப் பட்டினி என்றது.

நரி விடவில்லை. இன்று ஒரு பை வரும், நாளைக்கு ஒன்று வரும், மறுநாள் இன்னொன்று வரும், எப்போதுதான் எண்ணி முடிப்பது என்று கேட்டது. அந்தப் பேச்சு உடும்புக்கும் பிடித்துத்தான் இருந்தது. முடிவே இல்லாத வேலை அதற்கு ஆகாது. வாலால் இலைகளை ஒதுக்கப் போயிற்று.

"ஒதுக்குங்க அண்ணே, நல்லா ஒதுக்குங்க," என்றது கூழைக்கடா. "கெடுவுக்கு அஞ்சு நாள் முன்னாடியே அறிவிப்பைத் தர்றேன்னீங்க. எந்த நாள் தந்தீங்க?"

உடும்பின் வால் நின்றுவிட்டது.

அந்த ஐந்தில் மூன்றாம் நாள்தான் தந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் நரியோடு தகராறு. புழு அரித்த இலை கடித்ததில் சேருமா சேராதா என்று. நரி பேசப் பேச, உடும்பும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. கூழைக்கடா பக்கத்திலேயே காத்துக்கிடந்தது. தூங்கிக்கூடப் போயிற்று.

உடும்பு எரிச்சலோடு தரையைப் பார்த்தது. எரிச்சல் யார்மேல் என்று அதற்குத் தெரியும்.

"சரி, தாமதம் உங்களுதுதான்னே இருக்கட்டும்," என்றது நரி, குரலைத் தேனாக்கிக்கொண்டு. "இந்த இலையெல்லாம் எப்பப் பறிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? முப்பதுன்னு தெரிஞ்சுகிட்டு, இன்னைக்கு விடிகாலையில பறிச்சதா இருந்தா?"

அது நியாயமான கேள்வி. உடும்பு குனிந்து ஒவ்வொரு இலையாக நாக்கால் தொட்டது. ஓரம் சுருண்டிருந்தது. காம்பு காய்ந்திருந்தது. இரண்டு நாள் வாடல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாடிய இலைகள் ஒரு பக்கம் சேர்ந்தன. பன்றிகள் நெருக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தன. ஒரு பன்றி உடும்பின் வாலை மிதித்துவிட்டது. அதைக்கூட அது கவனிக்கவில்லை.

பதினைந்தாவது இலையில் நாக்கு நின்றது. காம்பு ஈரம். பதினாறாவதும் அப்படியே.

"இது ஏது?"

கூழைக்கடா தலையைத் தொங்கப்போட்டது. விடியற்காலை மலையடிவாரத்தில் சற்று இளைப்பாறியபோது இரண்டு மந்திகள் ஓடிவந்து செருகியவை என்று ஒப்புக்கொண்டது. பாவமாக இருந்ததாம். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லையாம்.

இரண்டும் கடிக்காத இலைகள். உடும்பு அவற்றை ஏரிக்குள் வீசியது.

மீதிப் பதினான்கில் கடித்தது இரண்டு, கடிக்காதது பன்னிரண்டு. உடும்பு கூட்டிப் பார்த்தது. இன்னொரு முறையும் கூட்டியது.

"உடைக்கணும்னு முப்பத்திரண்டு. விடணும்னு முப்பத்து மூணு. கரையை யாரும் தொடக்கூடாது."

நரி குதித்தது. ஒரே ஒரு இலைக்காகவா, கெடுவைக் காக்க வேண்டியவனே கெடுவை மீறலாமா என்று ஊரைக் கூட்டியது. பன்றிகளைப் பார்த்து, "நீங்க கேக்க மாட்டீங்களா? இத்தனை கோரைப்பல் எதுக்கு?" என்றது.

பன்றித் தலைவன் முன்னால் வந்தது. கனத்த உடம்பு. ஒரே முட்டில் உடும்பைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக் கரையை உடைக்க அதனால் முடியும். உடும்பு நகரவில்லை. நகர்ந்தால் ஏரி போய்விடும் என்று அதற்குத் தெரியும். நகங்களை மண்ணில் ஊன்றிக்கொண்டது.

பன்றித் தலைவன் நீரில் மிதக்கும் இரண்டு பச்சை இலைகளைப் பார்த்தது.

"அதுவும் எங்களுக்கு எதிரான இலைதானே?"

"ஆமா."

"ஏன் வீசினே?"

"கெடு தாண்டிப் பறிச்சது."

பன்றி கொஞ்ச நேரம் யோசித்தது. யோசிப்பது அதற்குப் பழக்கமில்லை. காதை ஆட்டியது. மூக்கால் சீறியது.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. மற்ற பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போயின. நரி மட்டும் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் அதுவும் போயிற்று. கூழைக்கடா மீன் பிடிக்க ஏரிக்குள் இறங்கியது.

கெடு வைப்பது காலம் கடந்து பேசுபவனைத் தடுக்கத்தானே ஒழிய, காலத்தில் பேசியவனின் வாயை அடைக்க அல்ல.