கவிழ்த்து வைத்த ராஜா

ஹெப்சிபா முன்பு பள்ளியில் கணக்கு நடத்தியவர். வேலையை விட்ட பிறகு, பணம் வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டம் ஆடினார். ஊர் கிளப்பின் மாடி அறையில் அவரளவுக்கு அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் இல்லை. பெயிண்ட் கடை சங்கரபாண்டி அவரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஹெப்சிபாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

திருவேங்கடம் அந்த மேஜைக்கு வரத் தொடங்கியதும் சங்கரபாண்டி கற்றதெல்லாம் குழம்பிப்போனது.

திருவேங்கடம் லாரி வைத்துத் தொழில் செய்தவர். அவருடைய ஒரே மகன் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டிப் போய் விபத்தில் இறந்துவிட்டான். அதன் பிறகு லாரிகளை ஒவ்வொன்றாக விற்று, அந்தப் பணத்தோடு வந்து உட்காருவார். கைக்கு வந்த இரண்டு சீட்டையும் பார்க்கவே மாட்டார். முன்னால் இருக்கும் பணத்தை மொத்தமாக நடுவே தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நல்ல சீட்டோடு எதிர்த்தும் சங்கரபாண்டி அவரிடம் தோற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆட்டம் தொடங்குமுன் கேட்டார்.

“இப்படிப் பார்க்காம ஆடுற ஆள்கிட்ட, நல்ல சீட்டை எப்போ ஆடாம கீழ வைக்கணும் டீச்சர்?”

“உட்காருங்க அண்ணாச்சி,” என்றார் ஹெப்சிபா.

ஆட்டம் நடந்தது. திருவேங்கடம் வழக்கம்போல் எல்லாவற்றையும் தள்ளினார். மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். ஹெப்சிபா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சீட்டுகளைச் சங்கரபாண்டிக்கு மட்டும் தெரியும்படி லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்து விலகிக்கொண்டார். இரண்டும் ராஜா.

திருவேங்கடம் தன் சீட்டைத் திருப்பினார். ஒரு ரெண்டு, ஒரு ஏழு. போக்கரில் அதைவிட மட்டமான கை இல்லை. மேஜையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜெயித்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்திலிருந்தவர்தான் நகர்த்தி வைத்தார்.

டீ குடிக்க வராந்தாவுக்கு வந்ததும் சங்கரபாண்டியால் பொறுக்க முடியவில்லை.

“நீங்க ஜெயிச்சிருப்பீங்க.”

“பெரும்பாலும்.”

“பின்ன ஏன் வெச்சீங்க?”

“போன வாரம் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அங்க யாருக்காகப் போகணும்னு கேட்டார். கடைசி லாரியையும் வித்துட்டார் அண்ணாச்சி. மிச்சத்தை யாராவது எடுத்துக்கிட்டா எழுந்து போயிடலாம்னு உட்கார்ந்திருக்கார்.”

“நீங்க எடுக்கலைன்னா வேற யாராவது எடுப்பாங்க.”

“ஆமா,” என்றார் ஹெப்சிபா.

உள்ளே போனதும் சங்கரபாண்டிக்கு இரண்டு ராணி வந்தது. திருவேங்கடம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். சங்கரபாண்டி ஹெப்சிபாவைப் பார்த்தார். ஹெப்சிபா குனிந்து மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் விட்டால் அடுத்தவன் எடுக்கத்தானே போகிறான் என்று சங்கரபாண்டிக்கு மறுபடியும் தோன்றியது. தன்னுடையதையும் நடுவே தள்ளினார்.

எல்லோருக்கும் பொதுவாக மேஜை நடுவில் திறந்து வைக்கும் ஐந்து சீட்டுகளும் விழுந்தன. திருவேங்கடத்துக்கு எதுவும் சேரவில்லை. மொத்தமும் சங்கரபாண்டிக்குப் போனது.

திருவேங்கடம் எழுந்து நின்றார். பல மாதங்களாக அந்த முகத்தில் யாரும் காணாத நிம்மதி அதில் இருந்தது. சங்கரபாண்டியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ரொம்ப நன்றி அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த வாரமே அவர் இறந்துபோன செய்தி கிளப்புக்கு வந்தது. தானாகத் தேடிக்கொண்ட சாவு என்றார்கள்.

சங்கரபாண்டி கடையைப் பூட்டிவிட்டு ஹெப்சிபாவின் வீட்டுக்குப் போனார். வெகுநேரம் பேசினார். ராணி இரண்டு என்றார். திருவேங்கடம் சீட்டையே பார்க்கவில்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஆடியிருப்பார்கள் என்றார். டீச்சர் சொல்லிக்கொடுத்த கணக்கையெல்லாம் டீச்சருக்கே திருப்பிச் சொன்னார். சொல்ல எதுவும் இல்லாமல் போனதும் சங்கரபாண்டி கேட்டார்.

“நான் ஆடினது தப்பா டீச்சர்?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் ஆடினீங்க,” என்றார் ஹெப்சிபா. “அன்னைக்கு ராஜாவைக் கீழ வெச்ச நானும் சரியாத்தான் ஆடினேன்.”