இன்னும் மூன்று தப்பு வேண்டும்

ஏழாங்கேணியில் மொத்தம் அறுபது வீடு. என் வீடு நாலாவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, பொறாமையில் எழுதிவிட்டான் என்று ஒருத்தரும் பேச வேண்டாம்.

எங்கள் ஊர் மாசானம் அதுவரை ஒன்பது வேலைக்குப் போயிருந்தான். ஒன்றைக்கூட முடித்ததில்லை. கடைசியாக ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனான். "ஒரு இடம் விடாம அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துத் தூங்கினார். எழுந்தபோது சுவர், ஜன்னல் கண்ணாடி, காலண்டர், கட்டில், அவருடைய மீசை எல்லாம் ஒரே வெள்ளை. பாதி வேலையோடு அவனைத் துரத்திவிட்டார்கள்.

அவனுக்கு வண்டிமலையான் மகள் செண்பகவடிவு மேல் ஆசை. அந்தப் பெண்ணுக்கும் அவன் மேல் ஆசை. என்ன காரணம் என்று ஊரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வண்டிமலையான் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், கறாரான மனுஷர். மாசானத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏல, வாழ்க்கையில ஒரு வேலையையாவது முழுசா முடிச்சிட்டு வா, பொண்ணு தாரேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. வெத்தலை பாக்கு மாத்திருவேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. அன்றைக்கென்று பார்த்து மதுரையிலிருந்து ஒரு கருத்துக் கணிப்புக் கம்பெனியின் மேடம் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஜெசிந்தா மேடம் என்று பெயர். தேர்தல் வரப் போகிறது. டெல்லி ஆட்சியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத உள்ளூர் ஆள் மூன்று பேர் வேண்டும் என்றார். மாசானம் கையைத் தூக்கினான். அவன் தூக்கியதால் அவனுடைய கூட்டாளிகள் கொம்பையாவும் பலவேசமும் தூக்கினார்கள். நானும் தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். மேடம் திரும்பவில்லை. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரையும் உட்கார வைத்து மேடம் பாடம் எடுத்தார். "தம்பிகளா, நூறு பேர்கிட்ட கேக்கணும். ஐம்பது ஆண், ஐம்பது பெண். உங்க இஷ்டத்துக்கு வீடு பிடிக்கக் கூடாது, ஒவ்வொரு அஞ்சாவது வீட்டுலயும்தான் கேக்கணும். அவங்க வாயில இருந்து வர்றதை ஒரு வார்த்தை விடாம எழுதணும். யார் சொன்னாங்கங்கிறது பரம ரகசியம். இவ்வளவு செஞ்சாலும் இந்த மாதிரி வேலையில நூத்துக்கு மூணு தப்பு இருக்கும். அது எங்க கம்பெனிக்கே தெரியும். வெள்ளிக்கிழமை காலையில வருவேன்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். மேடமும் நம்பிப் பஸ் ஏறினார்.

முதல் வீடு, ரெண்டாவது, மூணாவது என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். விலைவாசியைப் பற்றி என்னிடம் பதினோரு வருஷமாகக் கருத்து இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"நாலு" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

"ஏல மாசானம், என்கிட்டக் கேளுல."

"உங்க வீடு நாலாவது வீடு, சித்தப்பா. நாங்க என்ன செய்ய? நீங்க கட்டும்போதே பாத்துக் கட்டியிருக்கணும்."

ஐந்தாவது வீடு சுயம்புவுடையது. பிரதம மந்திரி யார் என்று கேட்டால் "எந்த ஊருக்கு?" என்பான் அவன். அவனிடம்தான் கேட்டார்கள்.

கொம்பையா தாளைப் பார்த்துக் கணீரென்று வாசித்தான்: "நாட்டின் மிகப் பெரிய பிரச்சினை எது?"

சுயம்பு வாயைத் திறந்தான். பலவேசம் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"சொல்லிராத! யார் சொன்னாங்கங்கிறது ரகசியம்லா? நீ சொல்லுறதை நாங்க பாத்துட்டா நீதான் சொன்னன்னு எங்களுக்குத் தெரிஞ்சு போயிருமே!"

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேப்போம்," என்றான் கொம்பையா.

"கண்ணைக் கட்டிட்டா எப்படில எழுதுவ?"

"அப்போ அவங்க முகத்துல சாக்கைப் போடுவோம்."

"சாக்கு எத்தனை வேணும்! நூறு சாக்குக்கு எங்க போக?" மாசானம் வெகுநேரம் யோசித்தான். "ஆளை உள்ள வச்சுக் கதவைச் சாத்தி, வெளிய நாதாங்கியைப் போட்டிருவோம். சத்தம் மட்டும் வெளிய வரட்டும். உள்ள இருக்கது யாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

மற்ற ரெண்டு பேரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு மூளை தனியாக வேலை செய்கிறது என்று கொம்பையா சொன்னான்.

சுயம்பு குடும்பத்தை உள்ளே தள்ளி நாதாங்கியைப் போட்டார்கள். கொம்பையா கேள்வியைக் கத்தினான். உள்ளேயிருந்து வந்தது: "கதவைத் தொறங்கல, மூதிகளா!" பலவேசம் ஒரு வார்த்தை விடாமல் எழுதினான். நாட்டின் மிகப் பெரிய பிரச்சினை: கதவைத் தொறங்கல, மூதிகளா.

"மத்திய அரசு நாட்டைச் சரியாக நடத்துகிறதா?"

"அடுப்புல பால் பொங்குது, யாருக்காவது கண்ணு தெரியுதா?" அதுவும் ஏறியது.

"விலைவாசி உயர்வுக்கு யார் காரணம்?"

உள்ளே குக்கர் 'உஸ்ஸ்' என்று விசில் அடித்தது. பலவேசத்தின் பேனா நின்றுவிட்டது. "இதை எழுதணுமா?"

"வாயில இருந்து வர்றதைத்தானே எழுதச் சொன்னாங்க? குக்கருக்கு வாய் உண்டா?" என்று மாசானம் கேட்டான்.

"மூடி இருக்கே. வாய் இல்லாததுக்கு எதுக்குல மூடி?" என்றான் கொம்பையா.

"அப்போ எழுது. ஆணா பெண்ணான்னு வேற ஒரு கட்டம் இருக்கே?"

"விசில் அடிக்குதுல்லா. ஆம்பளைதான்."

இப்படி அறுபதாவது வீடு வரை போனார்கள். பன்னிரண்டு வீடு முடிந்தது. நூறு பேர் ஆகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்கள். அறுபது வீட்டை ஐந்தைந்தாக எத்தனை தடவை எண்ணினாலும் அதே பன்னிரண்டு வீடுதான் வரும். இது நாலாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும். அவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "பாத்தியா, எந்தப் பக்கம் சுத்தினாலும் இவங்களுக்குத்தான் அரசியல் ஆர்வம்," என்றான் கொம்பையா.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் இதே கூத்து. மூன்றாவது சுற்றில் சுயம்பு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். ஐந்தாவது சுற்றில் அவன் பெண்டாட்டி ஜன்னல் வழியாகக் கழுநீரை ஊற்றினாள். அது வாயிலிருந்து வரவில்லை என்பதால் எழுதவில்லை. நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுயம்பு வீட்டு முற்றத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். "சித்தப்பா, ஆள் மாறாட்டம் பண்ணாதீங்க," என்று நாற்காலியோடு தூக்கி நாலாவது வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலையில் நூறு தாள் சேர்ந்தது. பிரித்து எண்ணினால் ஆண் ஐம்பத்தொன்று, பெண் நாற்பத்தொன்பது.

மாசானத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு ஆம்பளை கூடுதலாப் போச்சு. மேடம் ஏத்துக்க மாட்டாங்க. நாளைக்குக் கோவில்பட்டிக்காரன் வெத்தலையோட வந்து நிப்பான்."

"ஒருத்தன்கிட்ட அவன் கருத்தைத் திருப்பிக் குடுத்திருவோம்," என்றான் பலவேசம்.

சுயம்பு வீட்டுக்குப் போனார்கள். "மச்சான், நீ எட்டுத் தடவை கருத்துச் சொல்லியிருக்க. ஒண்ணை மட்டும் திருப்பி வாங்கிக்க."

"வாங்க மாட்டேன்," என்றான் சுயம்பு. "எங்க பரம்பரையில சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தது கிடையாது."

"நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கால?"

"அது இல்ல. ஆனாலும் மாறமாட்டேன்."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி வந்தாள். "இவரு என்னைக்கு இவரு கருத்தைச் சொன்னாரு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வீட்டுல எல்லாம் என் கருத்துதான். என் பேருல எழுதுங்க."

சுயம்பு மறுக்கவில்லை. ஒரு தாளில் ஆணை அடித்துப் பெண் என்று போட்டார்கள். ஐம்பது, ஐம்பது.

மாசானம் நூறு தாளையும் அடுக்கி நூலால் கட்டினான். கட்டும்போதே கை நின்றது. "ஏல, தப்பு எங்க?"

"எந்தத் தப்பு?"

"நூத்துக்கு மூணு தப்பு இருக்கும்னு மேடம் சொன்னாங்களே. நாம ஒண்ணுகூடப் பண்ணலியே!"

முடிச்சை அவிழ்த்து நூறு தாளையும் மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு குறை கிடையாது. மாசானம் மரத்தில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். "மூணு தப்பு இல்லாம வேலை எப்படி முழுசாகும்? இந்த மூணு தப்புலதான்ல என் வடிவு நிக்கா."

"அழாத மாப்பிள்ளை," என்றான் கொம்பையா. "இன்னும் பொழுது இருக்கு. நாங்க எதுக்கு இருக்கோம்? மூணு தப்பு பண்ணித் தாரோம்."

"எப்படிப் பண்ணுறது? எனக்குத் தப்பாச் செய்ய வராதே," என்றான் பலவேசம். உண்மையாகவே கவலைப்பட்டான்.

கொம்பையா விளக்கினான். இதுவரை என்னென்ன செய்தோமோ அதற்கு நேர்மாறாகச் செய்தால் தப்பு தானாக வந்துவிடும். அஞ்சாவது வீட்டுக்குப் போகக் கூடாது. நாதாங்கி போடக் கூடாது. ஆளை எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்க வேண்டும். இருமலையும் தும்மலையும் விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எழுத வேண்டும்.

"தெய்வமே, இவ்வளவு தப்பா!" என்று பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தாள்கட்டிலிருந்து ரெண்டு ஆண் தாளையும் ஒரு பெண் தாளையும் உருவிக் கிழித்துப் போட்டார்கள். பிறகு டெய்லர் அருமைராஜிடம் ஒரு தப்புச் செய்தார்கள். சத்துணவு டீச்சரம்மாவிடம் ஒரு தப்புச் செய்தார்கள். மூன்றாவதாக என்னிடம் வந்தார்கள்.

"சித்தப்பா, உங்ககிட்டக் கேக்கணும்."

துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டேன். "இப்பவாவது என் அருமை தெரிஞ்சுதா?"

"அப்படியெல்லாம் இல்ல சித்தப்பா. ஒரு தப்பு குறையுது. நாலாவது வீடுன்னதும் உங்க நினைப்புதான் வந்துச்சு."

மனதில் வைத்துக்கொள்ளாமல் பதில் சொன்னேன். வேலையில்லாத் திண்டாட்டம், டீசல் விலை, டெல்லிக்காரர்கள் எங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்பது, எல்லாம் சொன்னேன். பலவேசம் கூசிக் கூசி எழுதினான்.

மூன்று தாளையும் வெளியே தெரியாதபடி கட்டுக்குள் செருகினார்கள். மேல்பாதியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிப்பாதியில் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெசிந்தா மேடம் டீக்கடைக்கு வந்தார். வண்டிமலையானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். மாசானம் தாள்கட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

மேடம் படித்தார். நாட்டின் மிகப் பெரிய பிரச்சினை, கதவைத் தொறங்கல, மூதிகளா. அடுத்த தாளிலும் அதே. ஏழெட்டுத் தாள் தாண்டி, விலைவாசி உயர்வுக்குக் காரணம் உஸ்ஸ். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் உஸ்ஸ்தான். அவருடைய டீ ஆறி ஆடை கட்டியது. நூறு தாளையும் புரட்டி முடித்தார். புரட்டும்போதே மூன்று தாளை மட்டும் உருவித் தனியாக வைத்தார்.

கொம்பையா மாசானத்தின் தொடையைக் கிள்ளினான். "பாத்தியால! நாம ஒளிச்சு வச்ச மூணு தப்பையும் கரெக்டாப் பிடிச்சிட்டாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

மேடம் அந்த மூன்றையும் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். மீதியை மாசானத்தின் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வச்சுக்கோங்க தம்பி."

"வேலை முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுதுப்பா," என்றார் மேடம். "ஒரேயடியா முடிஞ்சுது." பஸ் வந்தது. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஏறிவிட்டார்.

வண்டிமலையான் எழுந்து வந்து அந்தக் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "எத்தனை இருக்கு?"

"தொண்ணூத்தேழு, மாமா. எல்லாம் சரி. நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

"மிச்சம் மூணு?"

"அது தப்பு, மாமா. மேடம் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

வண்டிமலையான் கண்ணை மூடி நன்றாக யோசித்தார். கறாரான மனுஷர் என்றேனே. பிறகு மாசானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தப்பை அவங்க கொண்டு போயிட்டாங்கன்னா, இங்க தப்பே இல்லியே! அப்போ இது நூத்துக்கு நூறுல்லா மாப்பிள்ளை!"